வளர்ப்புப் பிராணி என்னும் மாயை: றக்கூனை முன்வைத்து ஒரு கண்டனம்

அண்மையில் மாணவர் விடுதி அறையொன்றில் நண்பர் சிலர் கைத்தொலைபேசியில் ஒரு சிறு படத்துண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். முகத்தில் முகமூடி அணிந்தாற்போன்ற கரிய பட்டையும், வளையங்கள் பொருந்திய வாலும் உடைய ஒரு விலங்கு. அதன் கையில் யாரோ தும்பு முட்டாசு ஒரு துண்டைக் கொடுக்கிறார். அவ்விலங்கு அதனை எடுத்துச்சென்று நிலத்திலே தேங்கியிருந்த நீரில் தோய்க்கிறது. சீனியாலான பண்டம் கணத்தில் கரைந்து மறைகிறது. விலங்கோ தன் இரு கைகளாலும் நீரைத் துழாவுகிறது. இல்லாத பொருளைத் தேடித் திகைக்கிறது. "கழுவிச் சாப்பிடுகிற சுத்தமான பிராணி. ஒன்று கிடைத்தால் வளர்க்கலாம்" என்றார் ஒருவர். ஏனையோரும் ஆமோதித்தனர். 2015ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய அப்படத்தைக் கண்டு நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்த ஆசைக்கு அடிப்படையாயுள்ள கருத்துப் பிழையானது; பிழையானது மாத்திரமன்றிக் கொடுமையானதும் ஆகும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விலங்கின் பெயர் றக்கூன். வட அமெரிக்காவுக்கு உரிய முலையூட்டி; வளர்ந்தபின் பெரும்பாலும் நான்கு முதல் ஒன்பது கிலோகிராம் நிறையுடையது; இரவில் இரைதேடுவது. வேர்ஜீனியாவின் பழங்குடி மக்கள் வழங்கிய, 'கைகளால் சுரண்டுவது' எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே ஆங்கிலேயர் இப்பெயரை அமைத்துக்கொண்டனர். 1758இல் இதனைக் கரடியினத்துள் அடக்கிய லினேயசு, 'கழுவுவோன்' எனப் பொருள்படும் இலத்தீன் அடைமொழி ஒன்றைச் சூட்டினார். ஜேர்மானியரும் யப்பானியரும் தத்தம் மொழிகளில் இதனைக் 'கழுவும் கரடி' என்றே அழைக்கின்றனர். காட்டில் இவ்விலங்கோடு அருகருகே வாழ்ந்தவர் கையைக் கண்டு பெயரிட்டனர். தொலைவிலிருந்தோர் கழுவுதலைக் கண்டு பெயரிட்டனர். இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில், அந்தக் 'கழுவுதல்' கூட்டின் விளைவு. 1963இல் மல்கொம் லயல்-வற்சன் என்னும் ஆய்வாளர் இலண்டன் விலங்கியற் சங்கத்தின் வெளியீட்டில் இப்பொருள்பற்றி ஓர் ஆய்வினை வெளியிட்டார். அடைபட்ட றக்கூன்கள் உணவை நீரில் தோய்ப்பதற்கும் அவ்வுணவில் அழுக்கு உண்டா இல்லையா என்பதற்கும் தொடர்பில்லை என்பது அவர் கண்ட முடிபு. சுயாதீனமாக வாழும் றக்கூன் ஓடைகளின் ஓரத்தே நின்று, கண்ணை எங்கோ செலுத்தியவாறு, நீரடியைக் கைகளால் துழாவித் துழாவி நன்னீர் இறால்களையும் தவளைகளையும் பிடிக்கிறது. கரையிற் கிடைத்த உணவை நீருக்குக் காவிச்சென்று கழுவும் வழக்கம் அதற்கு இல்லை. கூட்டிலே ஓடை இல்லை, இறால் இல்லை, தட்டிலே உணவு வந்து விழுகிறது. தேடுவதற்கென்றே அமைந்த கைகள் தேட எதுவுமின்றி, கிடைத்த பொருளையே நீரில் இட்டு மீண்டும் 'பிடிக்கின்றன'. நீர் பட்ட கையின் தொடுகையுணர்வு கூர்மையடைகிறது என்னும் விளக்கமும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எவ்வாறாயினும் அது சுத்தம் பேணும் செயலன்று. பறிக்கப்பட்ட ஓர் ஓடையைத் தட்டுத் தண்ணீரில் தேடும் செயலை நாம் 'எவ்வளவு சுத்தம்!' எனப் பாராட்டுகின்றோம்.

கைகளைப்பற்றி மேலும் சிறிது கூறுதல் வேண்டும். றக்கூனின் மூளைய மேற்பட்டையில் தொடுகையுணர்வுக்கென ஒதுங்கிய பரப்பின் பெரும்பகுதி முன்னங்கைகளுக்கே உரியது. நமக்குக் கண் எவ்வாறோ அவ்வாறே அதற்குக் கை. 1900களின் முற்பகுதியிலேயே அமெரிக்க உளவியலாளர் இவ்விலங்கிடம் கொளுக்கி, தாழ்ப்பாள், பூட்டு முதலியவற்றைக் கொடுத்துச் சோதித்தனர். அவற்றுட் பலவற்றை அது சில முயற்சிகளிலேயே திறந்துவிட்டது. இத்தகைய கைகளோடு ஒரு விலங்கு வீட்டுக்குள் வரும்போது நிகழ்வது யாது? அலுமாரி திறக்கப்படுகிறது, மாப்பேணி கவிழ்க்கப்படுகிறது, தலையணை பிரித்து ஆராயப்படுகிறது, மின்கம்பி கடிக்கப்படுகிறது. இவையனைத்தும் நள்ளிரவில், வீட்டார் உறங்கும் வேளையில். இதனைக் 'குறும்பு' என்பர். குறும்பன்று, அதுவே அதன் தொழில். தொழிலைச் செய்தமைக்காக அது முதலில் ஏச்சும், பின்னர் அடியும், இறுதியில் பூட்டிய கூடும் பெறுகிறது.

'பயிற்சியினால் எதனையும் மாற்றலாம்' என்போர் உளர். பயிற்சியையே தொழிலாகக் கொண்ட இருவரின் அனுபவத்தை அவர்கள் கவனிப்பார்களாக. கெலர் பிறீலண்ட், மேரியன் பிறீலண்ட் ஆகிய தம்பதியர் நடத்தைவாத உளவியலின் தலைமகனாகிய ஸ்கின்னரின் மாணாக்கர். வெகுமதி கொடுத்து விலங்குகளைப் பழக்கிக் காட்சிகளில் நடிக்கச்செய்வதில் கைதேர்ந்தவர்கள். நாணயத்தை எடுத்து உலோகப் பெட்டியொன்றில் இடுவதற்கு ஒரு றக்கூனைப் பழக்க முயன்றனர். ஒரு நாணயம் கொடுத்தபோது அது சற்றுத் தயங்கியபின் இட்டது. இரண்டு நாணயங்களைக் கொடுத்தபோதோ, அவற்றை ஒன்றோடொன்று உரசியது, பெட்டிக்குள் தோய்த்தது, வெளியே எடுத்தது, மீண்டும் உரசியது. இட்டால்தான் உணவு கிடைக்கும் என்ற நிலையிலும் அது விடவில்லை. நாட்செல்லச் செல்ல உரசுதல் குறையவில்லை, மிகுந்தது. அக்காட்சித் திட்டத்தையே அவர்கள் கைவிட நேர்ந்தது. இதனை அவர்கள் 1961இல் ஓர் உளவியற் சஞ்சிகையில் எழுதினர். தம் ஆசிரியரின் கொள்கை எங்கே தோற்கிறது என்பதை மாணாக்கரே வெளிப்படையாகக் கூறிய அக்கட்டுரை, பயிற்சியைவிட இயல்பூக்கம் வலிது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. பசித்த விலங்கு உணவையும் இழந்து தன் இயல்பைப் பேணுமாயின், வீட்டுக்காரரின் அதட்டல் அதனை என்ன செய்துவிடும்?

இங்கு இரண்டு சொற்களை வேறுபடுத்துதல் இன்றியமையாதது. ஒன்று பழக்குதல்; மற்றையது வீட்டுவிலங்காக்குதல். பழக்குதல் ஒரு தனி உயிரின் வாழ்நாளுக்குள் நிகழ்வது, அவ்வுயிரோடே முடிவது. வீட்டுவிலங்காக்குதல் ஓர் இனத்தின் பரம்பரையிலே, தலைமுறை தலைமுறையான தெரிவினால் நிகழ்வது. நாய் நம்முடன் வாழத் தொடங்கிப் பதினையாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. அதன் குட்டி மனிதனை அஞ்சாது பிறக்கிறது. பழக்கிய றக்கூனின் குட்டியோ காட்டு றக்கூனாகவே பிறக்கிறது.

நம் நாட்டிலே இவ்வாதத்தை முன்வைக்கும்போது உடனே எழும் மறுப்பு யானையைப்பற்றியது. 'ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக யானையை வளர்க்கவில்லையா?' என்பர். வளர்த்தோம் என்பதைவிடப் பிடித்தோம் என்பதே பொருத்தம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு, பாசறையிலே பாகர் கவைமுட்கோல் கொண்டு வடமொழிச் சொற்களால் யானையைப் பயிற்றிய செய்தியைத் தருகிறது. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு யானைக்கும் அப்பயிற்சி புதிதாகவே, முதலெழுத்திலிருந்தே, கோலோடுதான் தொடங்குகிறது. இத்தனை நூற்றாண்டுப் பயிற்சியும் ஒரு கன்றுக்கும் பிறப்போடு வரவில்லை. யானையை எடுத்துக்காட்டுவோர் தமக்கு எதிரான சான்றையே தாமே கொண்டுவந்து வைக்கின்றனர்.

இன்னுமொரு மறுப்புச் சற்று வலுவானது. சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்க் நகரில் திமித்திரி பெல்யாயெவ் என்னும் பரம்பரையியலாளர் 1959இல் தொடங்கிய ஆய்வில், நரிகள் மனிதரோடு ஒட்டி உறவாடும் வண்ணம் மாறவில்லையா என்பது அது. மாறின. ஆனால் எவ்வாறு? ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சாதுவான சிலவற்றைத் தெரிந்து, அவற்றையே இனம்பெருக்க விட்டு, எஞ்சியவற்றை விலக்கி, பல்லாண்டுகளாக அப்பணி நடைபெற்றது. அவ்வாறு விலக்கப்பட்டவை மென்மயிருக்காக வளர்க்கப்படும் நரிகளே என்பதை நினைவிற்கொண்டால் அவற்றின் முடிவு விளங்கும். வீட்டிலே ஒரு குட்டியைப் பாற்போத்தல் கொடுத்து வளர்ப்பவர் செய்வதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அமெரிக்க நகரங்களிலே குப்பைத் தொட்டிகளை நம்பி வாழும் றக்கூன்களின் முகவாய், நாட்டுப்புறத்தில் வாழ்வனவற்றினதைவிடச் சிறிது குறுகியுள்ளதென 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகைப்படங்களை அளந்து கூறியது. இது வீட்டுவிலங்காதலின் தொடக்க அறிகுறியாகலாம் என்றும் கூறப்பட்டது. ஆகுக. அவை தாமே விரும்பி, தம் நிபந்தனையில், தம் இரவில் நம்மை நெருங்குகின்றன. அவற்றைத் தூக்கிவந்து மடியில் இருத்துவதற்கு இவ்வாய்வு அனுமதிச்சீட்டன்று.

இனி, இந்த ஆசை ஒரு நாட்டையே எங்கே கொண்டுசென்றது என்பதைப் பார்ப்போம். ஸ்ரேலிங் நோர்த் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1963இல் தம் சிறுவயது நினைவுகளை 'ராஸ்கல்' என்னும் நூலாக வெளியிட்டார். 1918ஆம் ஆண்டு; விஸ்கொன்சின் மாநிலம்; தாயை இழந்த, தந்தை அடிக்கடி வெளியூர் செல்லும், தமையன் போருக்குப் போயுள்ள பதினொரு வயதுச் சிறுவன் றக்கூன் குட்டியொன்றை எடுத்து வளர்க்கிறான். உணவுமேசையில் அதற்கு ஒரு சீனிக்கட்டி கொடுக்கப்படுகிறது. குட்டி அதனைப் பாலிலே தோய்க்கிறது; கட்டி கரைந்துபோகிறது; குட்டி கிண்ணத்தின் அடியைத் துழாவுகிறது. தும்பு முட்டாசுப் படத்தைப் பார்த்து நாம் சிரித்த அதே சிரிப்பை நூறாண்டுகளுக்கு முன்னரே அச்சிறுவனும் சிரித்திருக்கிறான். ஆனால் நூல் அத்துடன் முடியவில்லை. குட்டி வளர்கிறது, அயலவரின் சோளத்தின் சுவையை அறிகிறது, முறைப்பாடுகள் வருகின்றன, கழுத்துப்பட்டியும் கூடும் வருகின்றன. அடுத்த இளவேனிலில் அச்சிறுவனே அதனைத் தன் தோணியில் ஏற்றிச்சென்று, தொலைவிலுள்ள காட்டுக்கரையில் விட்டுத் திரும்புகிறான். ஓராண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. றக்கூனை வளர்க்க முடியாது என்பதற்கு இந்நூலைப்போல் அன்பு நிறைந்த சான்று வேறில்லை என்பேன்.

யப்பானியர் இந்நூலைக் கேலிச்சித்திரத் தொடராக்கினர். 1977ஆம் ஆண்டு முழுவதும் ஐம்பத்திரண்டு வாரங்கள் அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. குழந்தைகள் இறுதிக் காட்சியிலே கண்ணீர் சிந்தினர். சிந்தியபின் ஒரு றக்கூன் வேண்டுமெனப் பெற்றோரை நச்சரித்தனர். ஆண்டொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு வரையான குட்டிகள் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாயின எனப் பரவலாகக் கூறப்படுகிறது. நூலில் நடந்ததே ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது: குட்டி வளர்ந்தது, கடித்தது, கிழித்தது, தப்பியோடியது; தப்பியோடாததை வீட்டாரே கொண்டுசென்று காட்டில் விட்டனர். ராஸ்கலை விட்ட சிறுவன் அதன் தாய்நாட்டுக் காட்டிலேயே அதனை விட்டான். யப்பானியப் பெற்றோர் விட்ட காடு அவ்விலங்கு என்றும் இருந்திராத காடு. தம் பிள்ளைகளுக்கு மனமுருகும் ஓர் இறுதிக்காட்சியை அவர்கள் அமைத்துக் கொடுத்தனர். அதன் விலையைக் கமக்காரரும் தவளைகளும் கொடுத்தனர்.

நேர்மையாகச் சொல்வதானால், பழி முழுவதும் தொலைக்காட்சிக்கு உரியதன்று. 1962இலேயே இனுயாமா என்னுமிடத்தில் மிருகக்காட்சிச்சாலையிலிருந்து சில தப்பியிருந்தன. ஆயினும் ஹொக்கைடோத் தீவில் 1979இல் எனிவா நகரத்திலிருந்து தப்பியவை வளர்ப்புப் பிராணிகளே. இன்று யப்பானின் நாற்பத்தேழு மாகாணங்களிலும் றக்கூன் காணப்படுகிறது. வத்தகைப்பழத்தில் கை நுழையுமளவுக்கு ஒரு வட்டத்துளை இட்டு உள்ளீட்டை முழுவதும் அள்ளி உண்டுவிடும். வெளியே பழம் பழம்போலவே கிடக்கும். பழைய மரக் கோயில்களின் தூண்களிலே ஏறிக் கூரைக்குள் குடிபுகும். 2004இல் இயற்றப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த அந்நிய உயிரினச் சட்டம் இதனை இறக்குமதி செய்வதையும் புதிதாக வளர்ப்பதையும் தடைசெய்தது. ஆண்டுதோறும் பல்லாயிரம் றக்கூன்கள் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்படுகின்றன. அவை செய்த குற்றம் யாது? அவற்றின் மூதாதையர் அழகாயிருந்தனர், அவ்வளவே.

ஜேர்மனியின் கதை வேறு. அங்கு 1934இல் எடர் ஏரிக்கரையில் இரு சோடிகள் வேண்டுமென்றே விடப்பட்டன. போரின் இறுதியில் மென்மயிர்ப் பண்ணையொன்றிலிருந்தும் சில வெளியேறின. அவற்றின் வழித்தோன்றல்கள் இன்று அந்நாட்டில் இலட்சக்கணக்கில் உள்ளன. வளர்ப்புப் பிராணிக் கதையன்று எனினும், விட்டுவிட்டால் 'எங்கேனும் பிழைத்துக்கொள்ளும்' என ஆறுதல் சொல்வோருக்கு இது பதிலாகும். ஆம், பிழைத்துக்கொள்ளும், அதுவே சிக்கல். 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் முதலாவது அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலிலேயே றக்கூனைச் சேர்த்தது. இத்தனைக்கும் பின்னர் தென்கொரியத் தலைநகரிலே கோப்பிக் கடைகளில் றக்கூன்களை வைத்து, வருவோர் தடவிப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்கினர். 2023 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான் அவ்வணிகத்துக்குத் தடை வந்தது.

நோயைப்பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. அச்சுறுத்தி ஒருவரை நல்வழிப்படுத்தல் எனக்கு உவப்பன்று. ஆயினும் இரண்டைச் சொல்லாது விடலாகாது. றக்கூனின் குடலில் வாழும் ஒருவகை வட்டப்புழுவின் முட்டைகள் அதன் மலத்தோடு பெருந்தொகையாக வெளியேறி, மண்ணிலே ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மனிதர் அவற்றை விழுங்க நேர்ந்தால் குடம்பிகள் மூளையையே அடையக்கூடும். அறியப்பட்ட நோயாளர் சிலரே. ஆனால் அவர்களுட் பலர் மண்ணை வாயிலிடும் குழந்தைகள். மற்றையது நீர்வெறுப்பு நோய். நாய்க்கு ஊசிமூலம் ஏற்றுவதுபோல் றக்கூனுக்கு ஏற்றுவதற்கென அமெரிக்காவில் உரிமம் பெற்ற தடுப்புமருந்து எதுவுமில்லை. காட்டில் இரையோடு கலந்து தூவப்படும் மருந்தே உண்டு. ஆகவே வளர்ப்பு றக்கூன் ஒன்று விருந்தினரைக் கடித்துவிட்டால், நாயைப்போல் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வழியில்லை. நோய் உண்டா இல்லையா என்பதை மூளையைச் சோதித்தே அறிதல் வேண்டும். அதாவது விலங்கைக் கொன்றே அறிதல் வேண்டும். 'என் பிள்ளைபோல் வளர்த்தேன்' என்பவர், அப்பிள்ளை ஒருமுறை பல் பட்டமைக்காக உயிரிழக்கும் நிலையில் அதனை வைத்திருக்கிறார். ஓராண்டோ ஈராண்டோ கடந்து பருவமெய்தும்போது, அதிலும் சிறப்பாக ஆண் விலங்கு, கடிக்காதிருந்தால்தான் வியப்பு.

இறுதியாக, நல்லெண்ணம் உடையோரின் வாதம் ஒன்று எஞ்சியுள்ளது: 'நாங்கள் காட்டிலிருந்து திருடவில்லை; சாகவிருந்ததைக் காப்பாற்றினோம்.' அமெரிக்கச் சனாதிபதி கால்வின் கூலிட்ஜும் இவ்வாறே கூறியிருக்கலாம். 1926 நவம்பரில் நன்றியறிதல் நாள் விருந்துக்கென மிசிசிப்பியிலிருந்து அவருக்கு உயிரோடு ஒரு றக்கூன் அனுப்பப்பட்டது. அவர் உண்ண மறுத்தார். றெபேக்கா எனப் பெயரிட்டு வெள்ளை மாளிகையிலே வளர்த்தார். நற்செயலே. நத்தாருக்குப் பெயர் பொறித்த கழுத்துப்பட்டியும் கிடைத்தது. பதவிக்காலம் முடிந்ததும் அது மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டது. ஒரு நாட்டின் தலைவருக்கே அதனை இறுதிவரை வைத்திருக்க இயலவில்லையாயின், இரண்டு அறை வாடகை வீட்டிலுள்ளோர் நிலை எத்தகையது?

அவ்வாறாயின் தனித்துக் கிடக்கும் குட்டியை என்ன செய்வது என அன்று விடுதியில் நண்பர் கேட்டார். அமெரிக்காவில் இதனையே தொழிலாகக் கொண்டோர் கூறும் விடை, முதலில் ஒன்றும் செய்யாதீர் என்பது. தாய் இரைதேடப் போயிருக்கலாம். பெட்டியொன்றில் இட்டு அவ்விடத்திலேயே வைத்தால் இரவில் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிச்செல்லக்கூடும். வராவிடின், காட்டுயிர்களைப் பேண உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் அக்குட்டியைத் தனியே வளர்ப்பதில்லை. வேறிடத்துக் குட்டிகளோடு சேர்த்தே வளர்க்கின்றனர். கையில் எடுப்பதையும் அதனோடு பேசுவதையும் இயன்றளவு தவிர்க்கின்றனர். ஆழமற்ற நீர்த்தொட்டியில் உயிருள்ள இரையை விட்டுத் துழாவப் பழக்குகின்றனர். அவர்களுட் பலர் குட்டிக்குப் பெயர் வைப்பதில்லை, இலக்கமே இடுகின்றனர். சில மாதங்களின் பின், ஓடையருகே கூட்டின் கதவைத் திறந்துவிட்டுத் தாம் விலகிப் போய்விடுகின்றனர்.